மூன்றாவது பேட்சின் கணக்கை மதிப்பீட்டாளரிடம் சொல்லத்தான் வேண்டுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். நுங்கு எடுத்தபின் கிடைக்கும் பனங்காய் ஓட்டைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து, மஃபிள் ஃபர்னஸ் என்னும் மின் உலையில் சுட்டு, ஆக்டிவேட்டட் கார்பன் (சாயம் போன்றவற்றைத் தன்மேல் கவரும் கரி) தயாரித்தேன். அது தண்ணீரிலிருந்து மெத்திலீன் புளூ சாயத்தை எவ்வளவு கவர்கிறது என்பதை அளந்து, ‘ஜவுளிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு’ என்ற தலைப்போடு பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினோம். முதல் மதிப்பீட்டாளர் சிறு திருத்தங்களோடு ஏற்கலாம் என்கிறார். இரண்டாமவர் மேஜர் ரிவிஷன், அதாவது பெரிய அளவில் திருத்தம் கேட்கிறார். சோதனைகள் எத்தனை முறை செய்யப்பட்டன, அளவீடுகள் எவ்வளவு மாறுபடுகின்றன என்று வரைபடத்தில் காட்டும் பிழைக்கோடுகள் எங்கே என்று கேட்கிறார். கவரும் வேகத்தைக் கணக்கிட நேர்கோட்டுப் பொருத்தம் போதாது என்கிறார். உண்மையான சாயக்கழிவு நீரில் சோதித்துக் காட்டச் சொல்கிறார். ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டவும் சொல்கிறார். அவற்றில் நான்கு ஒரே ஆசிரியருடையவை. என் சங்கடம் முதல் கேள்வியில்தான். மூன்று பேட்ச் கரி தயாரித்தேன். முதல் இரண்டும் கிராமுக்கு 182, 176 மில்லிகிராம் சாயத்தைக் கவர்ந்தன; மூன்றாவது 121தான். அதைக் கட்டுரையில் சேர்க்கவில்லை. “எல்லாச் சோதனைகளும் மூன்று முறை செய்யப்பட்டன என்று ஒரு வரி எழுதிவிடு, போதும்” என்கிறார் நெறியாளர். மேற்பரப்பளவு அளக்கும் கருவியைப் பயன்படுத்தக் கொடுத்த வேறொரு பேராசிரியரின் பெயரையும் இப்போது ஆசிரியர்களில் ஒருவராகச் சேர்க்கச் சொல்கிறார். தோழி ஒருத்தி, இதை வாபஸ் வாங்கிவிட்டுப் பணம் கட்டினால் ஒரே வாரத்தில் ஏற்கும் இதழுக்கு அனுப்பு என்கிறாள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள மாணவிக்கு, வணக்கம். உங்கள் சங்கடம் முதல் கேள்வியில் இருப்பதாக நீங்களே சரியாகக் கண்டுகொண்டிருக்கிறீர்கள். மற்றவற்றுக்கெல்லாம் வழி உண்டு. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

ஒரே பேட்ச் கரியை மூன்று குடுவைகளில் போட்டு மூன்று முறை அளப்பது ஒன்று. கரியையே மூன்று முறை தனித்தனியாகத் தயாரித்து அளப்பது வேறொன்று. முதலாவது, உங்கள் பிப்பெட்டும், சாயத்தின் செறிவை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரும் எவ்வளவு துல்லியமானவை என்பதைச் சொல்லும். இரண்டாவதுதான், உங்கள் செய்முறையைப் படித்து இன்னொருவர் கரி தயாரித்தால் அவருக்கும் அதே விளைவு கிடைக்குமா என்பதைச் சொல்லும். மதிப்பீட்டாளர் கேட்பது இரண்டாவதை. ‘மூன்று முறை செய்யப்பட்டன’ என்று நீங்கள் எழுதினால், மூன்று குடுவைகளை மனத்தில் வைத்து எழுதியிருந்தாலும், படிப்பவர் மூன்று தயாரிப்புகளும் ஒத்துப்போயின என்றே புரிந்துகொள்வார். உண்மையில் அவை ஒத்துப்போகவில்லை என்பதும், அது உங்களுக்குத் தெரியும் என்பதும் உங்கள் ஆய்வகக் குறிப்பேட்டில் தேதியோடு பதிவாகியிருக்கிறது.

மதிப்பீட்டாளருக்கு எழுதும் பதில் கட்டுரையோடு சேராத தனிக் கடிதம், அது யார் கண்ணிலும் படாது என்ற எண்ணம் நம் துறைகளில் பரவலாக இருக்கிறது. ஆய்விதழ் ஒன்றின் பதிப்பாசிரியர் குழுவில் இருந்து இத்தகைய பதில்களைத் தொடர்ந்து படித்துவந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கட்டுரையை ஏற்பதா வேண்டாமா என்ற முடிவு பெரும்பாலும் இந்தப் பதிலைப் படிக்கும்போதுதான் உருவாகிறது. அதில் சொல்லப்படும் ஒவ்வொரு வாக்கியமும் கட்டுரையில் சொல்லப்படும் வாக்கியத்துக்கு நிகரான பொறுப்புடையது. உயிரியல் ஆய்விதழான எம்போ ஜர்னல் 2009 முதலே மதிப்பீட்டாளர் கருத்துகளையும் ஆசிரியர்களின் பதில்களையும் கட்டுரையோடு வெளியிட்டுவருகிறது. நேச்சர் இதழும் 2025 ஜூன் முதல், புதிதாக வந்து ஏற்கப்படும் எல்லா ஆய்வுக்கட்டுரைகளுக்கும் இதை வழக்கமாக்கிவிட்டது. உங்கள் இதழ் அப்படி வெளியிடாவிட்டாலும் நிலைமை மாறுவதில்லை, ஏனென்றால் பதில் பதிப்பாசிரியரின் கோப்பில் இருக்கும். பின்னாளில் கேள்வி எழுந்தால் முதலில் எடுத்துப் பார்க்கப்படுவது அதுதான்.

இனி மூன்றாவது பேட்சை என்ன செய்வது என்று பார்ப்போம். குறிப்பேட்டைத் திறந்து, அந்த பேட்ச் தயாரித்த நாட்களின் பதிவைப் பொறுமையாகப் படியுங்கள். ஓடு மழைக்காலத்தில் சேகரித்ததா, அடுப்பில் முழுமையாக உலர்த்தியபின் எடைபோட்டீர்களா, ஈரத்தோடு எடைபோட்டீர்களா? ஈரம் இருந்திருந்தால் அமிலத்துக்கும் ஓட்டுக்குமான விகிதமே மாறியிருக்கும். ஃபர்னஸ் குறித்த வெப்பநிலையை எட்டியதா, இடையில் மின்சாரம் நின்றதா, சுட்ட கரியைக் கழுவும்போது கழுவுநீர் நடுநிலைக்கு வரும்வரை கழுவினீர்களா? தெளிவான தவறு ஒன்று நடந்ததாக அன்றைய தேதியிலேயே எழுதிவைத்திருந்தால், அந்தக் காரணத்தைச் சொல்லி அந்த பேட்சைக் கணக்கிலிருந்து விலக்கலாம். ஆனால் விலக்கினோம் என்பதைக் கட்டுரையிலேயே எழுதியாக வேண்டும். அப்படி எந்தப் பதிவும் இல்லாமல், எண் குறைவாக வந்தது என்பதற்காக மட்டும் விலக்குவதற்கு இடமில்லை.

காரணம் கிடைக்கவில்லை என்றால் மூன்று எண்களையும் சேர்த்தே கணக்கிடுங்கள். சராசரி 160 மில்லிகிராமுக்குச் சற்றே குறைவாகவும், எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் சுமார் 34 ஆகவும் வரும். முதல் இரண்டு பேட்சின் சராசரியான 179 என்ற எண்ணோடு ஒப்பிட்டால் இது பார்க்க அழகாக இல்லைதான். ஆனால் இந்தப் பொருள் தயாரிப்பு நிலைமைகளுக்கு மிகவும் உணர்திறன் உடையது என்பதே ஒரு கண்டுபிடிப்பு. பனங்காய் ஓட்டில் கரி தயாரிக்கப்போகும் அடுத்தவருக்கு 179 என்ற எண்ணைவிட அதுவே அதிகம் பயன்படும். முடிந்தால் ஓட்டை முழுமையாக உலர்த்தி நான்காவது, ஐந்தாவது பேட்ச் தயாரித்துப் பாருங்கள். அவை 180ஐ ஒட்டி வந்தால் ஈரம்தான் காரணம் என்ற ஊகத்துக்கு வலு கிடைக்கும். வராவிட்டாலும் உங்களுக்கு உண்மை கிடைக்கும்.

பதிலில் இதை எப்படி எழுதுவது என்று நீங்கள் தயங்கக்கூடும். இப்படி எழுதலாம்: “முதல் பிரதியில் தந்த மதிப்பு இரண்டு பேட்ச் கரியிலிருந்து பெறப்பட்டது. மூன்றாவதாகத் தயாரித்த பேட்ச் கிராமுக்கு 121 மில்லிகிராம் மட்டுமே கவர்ந்தது. அது முதல் பிரதியில் சேர்க்கப்படவில்லை. இப்போது மூன்று பேட்சின் மதிப்புகளையும் அட்டவணையில் தனித்தனியே தந்திருக்கிறோம். ஒவ்வொரு பேட்சிலும் எத்தனை குடுவைகளில் அளந்தோம் என்பதையும் குறித்திருக்கிறோம். சுருக்கத்திலும் முடிவுரையிலும் உள்ள மதிப்பை அதற்கேற்ப மாற்றியிருக்கிறோம்.” இவ்வளவு போதும். மன்னிப்புக் கோரும் நீண்ட பத்தி தேவையில்லை; ஏன் விட்டோம் என்று சப்பைக்கட்டும் தேவையில்லை. இப்படி ஒரு பதில் வரும்போது எந்த நேர்மையான மதிப்பீட்டாளருக்கும் கட்டுரையின் மற்ற எண்கள்மீதும் நம்பிக்கை கூடும்.

வேதியியலுக்கான 2018ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பெற்றவர்களில் ஒருவரான ஃபிரான்சஸ் அர்னால்ட், நொதிகள் பற்றித் தம் குழு 2019இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரை ஒன்றை 2020 ஜனவரியில் திரும்பப் பெற்றார். சோதனைகளைத் திரும்பச் செய்தபோது அதே விளைவு வரவில்லை என்பதும், முதல் ஆசிரியரின் ஆய்வகக் குறிப்பேட்டில் முக்கியமான சோதனைகளுக்கான பதிவுகளும் மூலத் தரவுகளும் இல்லை என்பதும் காரணங்களாகத் தெரிவிக்கப்பட்டன. அதை அவரே பொதுவெளியில் அறிவித்தார். அதனால் அவருடைய மதிப்பு குறையவில்லை. உங்களுக்கோ கட்டுரை இன்னும் அச்சாகவில்லை, குறிப்பேடு கையில் இருக்கிறது. திருத்திக்கொள்ள இதைவிட எளிதான கட்டம் இனி வராது.

நெறியாளரிடம் எப்படிப் பேசுவது என்பது உங்களுக்கு இதைவிடக் கடினமாகத் தோன்றலாம். அவர் சொன்னது தவறு என்ற இடத்திலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டாம். புதிய அட்டவணையையும் திருத்திய படத்தையும் முதலில் தயாரித்துக்கொண்டு, குறிப்பேட்டோடு போய், “சார், மூன்று பேட்சையும் சேர்த்து ஒருமுறை போட்டுப் பார்த்தேன். ரிவியூவருக்கு இதையே கொடுத்தால் பிற்பாடு யார் ரா டேட்டா கேட்டாலும் நமக்குச் சிக்கல் இருக்காது” என்று சொல்லுங்கள். பெரும்பாலான நெறியாளர்கள் அவசரத்தில்தான் அப்படி ஒரு வரி எழுதச் சொல்கிறார்கள். தயாரான மாற்று கண்முன் இருந்தால் ஒத்துக்கொள்வார்கள். அவர் மறுத்தால், உங்கள் ஆய்வைக் கண்காணிக்கும் டாக்டரல் கமிட்டியின் உறுப்பினர் ஒருவரிடம், புகாராக இல்லாமல், இந்தத் தரவை எப்படிக் கையாள வேண்டும் என்ற அறிவியல் கேள்வியாகக் கேளுங்கள். எந்த நிலையிலும் நீங்கள் உண்மை என்று அறியாத ஒரு வரி உங்கள் பெயரில் போகக் கூடாது. முதல் ஆசிரியர் நீங்கள்.

கவரும் வேகம் பற்றிய கேள்வியில் மதிப்பீட்டாளர் சொல்வது முழுக்கச் சரி. கவரும் வேகத்தை விவரிக்க வழக்கமாகப் பயன்படும் போலி இரண்டாம் வகைச் சமன்பாட்டை நேர்கோடாக்கும்போது, நேரத்தைக் கவரப்பட்ட அளவால் வகுத்து அதை நேரத்துக்கு எதிராக வரைகிறோம். அதாவது நேரம் இரண்டு அச்சுகளிலும் இருக்கிறது. சமநிலை வந்தபின் கவரப்பட்ட அளவு மாறுவதே இல்லையென்பதால், அந்தப் புள்ளிகள் எந்தக் கரியாக இருந்தாலும் நேர்கோட்டில்தான் விழும். பொருத்தம் எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் ஆர்-ஸ்கொயர் 0.999 என்று வருவதைப் பார்த்து, இதுவே சரியான மாதிரி என்று நூற்றுக்கணக்கான கட்டுரைகள் முடிவு கட்டியிருப்பது இதனால்தான். மூல அளவீடுகளையே நேரத்துக்கு எதிராக வைத்து, நேர்கோடாக மாற்றாமல் வளைகோட்டையே பொருத்தும் நேரிலாப் பொருத்தம் செய்யுங்கள். சமநிலையை எட்டியபின் எடுத்த புள்ளிகளைக் குறைத்து, தொடக்க நிமிடங்களின் புள்ளிகளுக்கு இடம் கொடுங்கள். அளந்த மதிப்புக்கும் பொருத்திய மதிப்புக்கும் உள்ள வேறுபாடுகளான எச்சங்களையும் வரைந்து பாருங்கள். ஆரிஜின் மென்பொருள் இல்லையென்றால், இலவசமாகக் கிடைக்கும் ஆர் மொழியிலேயே இதைச் செய்யலாம். முடிவு மாறினால் மாறிவிட்டது என்று எழுதுங்கள்.

உண்மையான சாயக்கழிவில் சோதிக்கும் கேள்விக்கு வேறு வகையான பதில் வேண்டும். மதிப்பீட்டாளர் கேட்பதையெல்லாம் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் ஆசிரியருக்கு இல்லை. புதிய சோதனை இந்தக் கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று காரணத்தோடு மறுக்கலாம். ஆனால் மறுத்தால், அந்தச் சோதனை இல்லாமல் சொல்ல முடியாதவற்றைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட வேண்டும். உங்கள் தலைப்பில் ‘ஜவுளிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு’ என்று இருக்கிறது. மெத்திலீன் புளூ நேர்மின்சுமை கொண்ட சாயம். பாஸ்பாரிக் அமிலத்தில் தயாரான கரியின் மேற்பரப்பில் அமிலத் தொகுதிகள் இருப்பதால் அதைக் கரி எளிதாக ஈர்த்துக்கொள்கிறது. திருப்பூரில் பருத்திப் பின்னலாடைக்குப் பயன்படுபவை பெரும்பாலும் ரியாக்டிவ் சாயங்கள். அவை எதிர்மின்சுமை கொண்டவை. அந்தக் கழிவுநீரில் உப்பும் மிக அதிகம். மெத்திலீன் புளூவில் கிடைத்த எண்ணை வைத்து அந்தக் கழிவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. நொய்யல் ஆற்றில் கலந்த கழிவு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஊரில் சுத்திகரிப்பு என்பது பட்டறைக்காரருக்கும் அவரிடம் வேலை செய்பவருக்கும் ஆற்றங்கரை விவசாயிக்கும் வாழ்வாதாரப் பிரச்சினை. மலிவாகக் கிடைக்கும் கரி என்று யாராவது உங்கள் தலைப்பை நம்பிச் செலவு செய்யக்கூடும். ஆகவே, ரியாக்டிவ் சாயம் ஒன்றையாவது உப்புக் கரைசலில் சேர்த்துச் சோதித்துக் காட்டுங்கள். இல்லாவிட்டால் தலைப்பையும் முடிவுரையையும் ‘நீர்க்கரைசலிலிருந்து மெத்திலீன் புளூவைக் கவர்தல்’ என்ற அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வழியைத் தேர்ந்தால், சோதனையைச் செய்யாத காரணத்தையும், அதனால் தலைப்பை மாற்றியதையும் பதிலில் சேர்த்தே சொல்லுங்கள்.

மேற்கோள் கோரிக்கையை நீண்டு யோசிக்க வேண்டியதில்லை. ஐந்தையும் படியுங்கள், உங்கள் வாதத்துக்கு உண்மையில் உதவுவதைச் சேருங்கள், உதவாததைச் சேர்க்கவில்லை என்று மரியாதையாக ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். நான்கு கட்டுரைகள் ஒரே ஆசிரியருடையவை என்பதைப் பதிப்பாசிரியருக்கு மட்டும் போகும் தனிக்குறிப்பில் தெரிவிக்கலாம். அதில் குற்றச்சாட்டு வேண்டாம், தகவல் மட்டும் போதும். அந்த மதிப்பீட்டாளர் யார் என்று உங்களுக்குத் தெரியாது, பதிப்பாசிரியருக்குத் தெரியும். மேற்கோள் சேர்க்காததால் மட்டும் கட்டுரை நிராகரிக்கப்படுமோ என்று பயப்பட வேண்டாம். அவருடைய மற்ற மூன்று கேள்விகளும் சிறந்த கேள்விகள் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு கோரிக்கை சரியில்லை என்பதற்காக அவருடைய முழு அறிக்கையையும் சந்தேகிப்பது நியாயமல்ல.

கருவியைப் பயன்படுத்தக் கொடுத்த பேராசிரியருக்கு உரிய இடம் நன்றியுரை. மருத்துவ ஆய்விதழ்ப் பதிப்பாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளைப் பிற துறை இதழ்களும் பரவலாகப் பின்பற்றுகின்றன. ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ விளக்கத்திலோ கணிசமாகப் பங்களித்திருக்க வேண்டும். கட்டுரையை எழுதவோ அறிவார்ந்த வகையில் திருத்தவோ செய்திருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். கட்டுரையின் எல்லாப் பகுதிகளுக்கும் பொறுப்பேற்க ஒப்ப வேண்டும். நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும். அந்தப் பேராசிரியர் உங்கள் மேற்பரப்பளவுத் தரவைத் தாமே பகுத்து விளக்கி, திருத்திய பிரதியையும் படித்துத் தருவாரானால் நிலைமை வேறு. அப்போதும், திருத்தக் கட்டத்தில் பெயர் சேர்க்க எல்லா ஆசிரியர்களின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலையும் காரணத்தையும் பெரும்பாலான இதழ்கள் கேட்கும்.

பெயர் கொடுப்பது அவருக்கு நாம் செய்யும் உபகாரம் என்று நினைப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 2020 மே மாதம் லான்செட் மருத்துவ இதழில், கோவிட் நோயாளிகளுக்குக் கொடுத்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பற்றிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. 671 மருத்துவமனைகளைச் சேர்ந்த 96,032 நோயாளிகளின் தரவு என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. அந்தத் தரவை வைத்திருந்த சர்ஜிஸ்ஃபியர் நிறுவனம் மூலத் தரவைத் தணிக்கைக்குத் தர மறுத்தது. மூன்று இணையாசிரியர்கள், தரவின் உண்மைத்தன்மைக்குத் தாங்கள் உறுதி கூற முடியாது என்று சொல்லி, இரண்டே வாரங்களில் அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. தரவைப் பார்க்காமல் பெயர் சேர்த்துக்கொள்வோர் ஏற்கும் பொறுப்பு அவ்வளவு பெரியது. உங்கள் மூன்றாவது பேட்ச் பற்றி அந்தப் பேராசிரியருக்குத் தெரியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

தோழியின் யோசனையை ஏற்க வேண்டாம். 2013இல் சயன்ஸ் இதழுக்காக ஜான் பொஹானன் என்ற செய்தியாளர், அடிப்படைப் பிழைகளை வேண்டுமென்றே வைத்து எழுதிய போலிக் கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதை ஏற்றன. பணம் கட்டியதும் ஒரு வாரத்தில் ஏற்கும் இதழ் உங்கள் கட்டுரையைப் படித்ததாகக் கருத முடியாது. யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகரித்த ஆய்விதழ்களைக் கொண்ட தன் கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டதால், பட்டியலில் இருக்கிறது என்று சொல்லி யாரும் உங்களை நம்பவைக்கவும் முடியாது. பட்டத்துக்காக அவசரம் என்றால், யூஜிசியின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியீட்டைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் பல்கலைக்கழகங்கள் சொந்த நிபந்தனை வைத்திருக்கக்கூடும் என்பதால், உங்கள் பல்கலைக்கழக விதியையும் நீங்கள் பதிவு செய்த ஆண்டுக்குப் பொருந்தும் விதி எது என்பதையும் ஆய்வுப் பிரிவில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

மதிப்பீட்டாளர்மீது கோபம் கொண்டு வேறு இதழுக்குப் போனவர்களில் ஐன்ஸ்டைனும் உண்டு. ஈர்ப்பலைகள் இல்லை என்று முடிவு கட்டிய கட்டுரை ஒன்றை அவரும் நேதன் ரோசனும் 1936இல் ஃபிசிக்கல் ரிவ்யூ இதழுக்கு அனுப்பினார்கள். பதிப்பாசிரியர் அதை மதிப்பீட்டுக்கு அனுப்பியதில் சினமுற்று, ஐன்ஸ்டைன் அதைத் திரும்பப் பெற்று வேறோர் இதழுக்குக் கொடுத்தார். ஆனால் மதிப்பீட்டாளர் காட்டிய சிக்கல் கட்டுரையோடு கூடவே போயிற்று. அச்சாவதற்குள் பிழை தெரியவந்து, முடிவை மாற்றித்தான் 1937இல் வெளியிட வேண்டியிருந்தது. உங்கள் துறை மிகச் சிறியது. அடுத்த இதழும் அதே மதிப்பீட்டாளருக்கே அனுப்ப நேரலாம். இந்த இதழில் பரிசீலனை முடியாமலும் வாபஸ் உறுதியாகாமலும் இன்னோர் இதழுக்கு அனுப்புவது தனிக் குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதிலின் வடிவத்தைப் பொறுத்தவரை, இரு மதிப்பீட்டாளர்களின் ஒவ்வொரு கருத்தையும் ஒரு சொல்லும் விடாமல் படியெடுத்து, அதன்கீழே உங்கள் பதிலையும், மாற்றிய வாக்கியத்தையும், அது திருத்திய பிரதியில் எந்தப் பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறது என்பதையும் தாருங்கள். நன்றியைத் தொடக்கத்தில் ஒருமுறை சொன்னால் போதும். மதிப்பீட்டாளர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று தோன்றும் இடத்தில், அவரைத் திருத்துவதற்கு முன் உங்கள் வாக்கியத்தைத் திருத்துங்கள். கவனமாகப் படிக்கும் ஒருவருக்கே புரியவில்லையென்றால் மற்றவர்களுக்கும் புரியாது. ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதிவிட்டுச் சரிசெய்யாமல் விடுவதைப் பதிப்பாசிரியர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள்.

புதிய பேட்ச் தயாரிக்கவும் பொருத்தங்களைத் திரும்பச் செய்யவும் கெடு போதாது என்றால், கெடு முடியும்வரை காத்திராமல் இந்த வாரமே பதிப்பாசிரியருக்கு எழுதுங்கள். கூடுதல் சோதனைகள் செய்துகொண்டிருக்கிறோம், இன்ன தேதிவரை அவகாசம் வேண்டும் என்று இரண்டு வரி போதும், பெரும்பாலும் தருவார்கள். அந்த மின்னஞ்சலை நெறியாளரிடம் காட்டிவிட்டு, இதழோடு கடிதத் தொடர்பு கொள்ளும் தொடர்பாசிரியரான அவர் பெயரிலேயே அனுப்பச் சொல்லுங்கள்.